வெள்ளை எலிக்கு மூச்சிரைப்பு: மாட்டாஸ்பத்திரி மட்டுமே இருக்கும் ஊரில் என்ன செய்வது?

கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் குடியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் வளர்க்கும் வெள்ளை எலிக்கு ஒன்றரை வயது, பெயர் சுண்டு. மழை பிடித்ததிலிருந்து தும்மல். நாலு நாளாகக் கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் ரத்தம் மாதிரிச் சிவப்பு வடிகிறது. முடியைச் சிலிர்த்துக்கொண்டு கூனி உட்கார்ந்திருக்கிறது, தீனி பாதியாகிவிட்டது. மிருகாஸ்பத்திரியில் ஆடு, மாடு, கோழி, நாய் பார்ப்போம், எலிக்கு எங்களுக்குத் தெரியாது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அம்மாவோ எலிக்காய்ச்சல் வந்துவிடும், எங்கேயாவது கொண்டுபோய் விடு என்கிறார்.

தம்பி, உங்கள் ஊரில் எலிக்கு வைத்தியம் இல்லை என்பது பாதிதான் உண்மை. சுண்டுவுக்குத் தேவைப்படும் மருந்து அதே மாட்டாஸ்பத்திரி அலமாரியில்தான் இருக்கிறது. எலிக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கணக்குதான் அங்கே இல்லை. அந்தக் கணக்குக்கு வேண்டிய தகவலை நீங்கள் கொண்டுபோனால் பெரும்பாலான டாக்டர்கள் உதவுவார்கள். ஒரு மருந்தியல் கல்லூரியின் விலங்கு அறையில் எலிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது ரத்தம் இல்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது, அதிலிருந்து வரும் பார்ஃபிரின் என்ற நிறமி அது. எலி நன்றாக இருக்கும்போது முகம் கழுவுகிற மாதிரி கையால் துடைத்துக்கொண்டே இருக்கும், அதனால் நம் கண்ணில் படாது. உடம்பு சரியில்லாமலோ மிரண்டுபோயோ இருந்தால் சுரப்பது கூடும், துடைப்பது குறையும். சந்தேகம் இருந்தால் கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு இருக்கிறதே, அதன் கீழே அந்தக் கறை பட்ட பஞ்சைக் காட்டிப் பாருங்கள். பார்ஃபிரின் என்றால் இளஞ்சிவப்பாக ஒளிரும், ரத்தம் ஒளிராது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். எலி மூக்கால்தான் மூச்சு விடும், வாயால் விட்டுப் பழக்கமில்லை. மூக்கு அடைத்தால் அதற்குப் பெரிய அவஸ்தை.

சிவப்பு, தும்மல், கூனி உட்காருவது எல்லாம் சேர்ந்து வருகிறது என்றால் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியின் வேலை. வளர்ப்பு எலிகளில் ஏறக்குறைய எல்லாவற்றின் மூச்சுப்பாதையிலும் இது குடியிருக்கிறது, தாயிடமிருந்தே வந்துவிடும். எலி திடமாக இருக்கும்வரை சும்மா இருக்கும். குளிர், ஈரம், புகை, மூத்திர நெடி என்று ஏதாவது ஒன்று நுரையீரலைத் தொந்தரவு செய்தால் தலைதூக்கும். மருந்து இதை அடக்கி வைக்கும், அடியோடு ஒழிக்காது. அதனால் குணமான பிறகும் அடுத்த மழைக்குத் திரும்ப வரலாம் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் ஆடி மழையும் பனிமூட்டமும் எனக்குத் தெரியும். துவைத்த துணி காயாமல் அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கும், அதே அறையில் விறகுப் புகை, சாயங்காலம் கொசுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. மனுஷனுக்கே இருமல் வரும். முதல் காரியமாகக் கூண்டை அடுப்பங்கரையிலிருந்து வேறு அறைக்கு மாற்றுங்கள். தரையில் வைக்காதீர்கள், குளிரும் ஈரமும் அங்கேதான் தங்கும். ஸ்டூல் மேல், சுவரை ஒட்டாமல், நேராகக் காற்று அடிக்காத இடமாகப் பார்த்து வையுங்கள். கீழே மரத்தூள் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மரப்பட்டறைத் தூள் மூக்கில் ஏறும். பழைய பருத்தித் துணியும் செய்தித்தாளும் போதும், தினமும் மாற்ற வேண்டும். குனிந்து மோந்து பார்க்கும்போது உங்கள் மூக்குக்கே நெடி தெரிகிறது என்றால், நாள் முழுக்க அதற்குள் இருக்கிற எலியின் நுரையீரல் என்ன பாடுபடும்!

அடுத்து மூச்சு. இன்று ராத்திரி வீடு அடங்கியதும் சுண்டுவைக் கையில் எடுத்து, அதன் முதுகை உங்கள் காதோரம் வைத்துக் கேளுங்கள். நல்ல எலியிடம் ஒன்றும் கேட்காது. நோய் இருந்தால் கீச்சென்றோ, கடகடவென்றோ, சளி உருளுகிற மாதிரியோ சத்தம் வரும். அப்புறம் கீழே விட்டு, அது சும்மா இருக்கும்போது விலா ஏறி இறங்குவதை 15 நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வாக இருக்கும் எலி நிமிடத்துக்கு 70 முதல் 115 வரை மூச்சு விடும். அதற்கு மேலே போய், ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்ளே இழுத்தால் நோய் நுரையீரலுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். வெள்ளை எலியில் ஒரு வசதி, காதும் பாதமும் வாலும் இளஞ்சிவப்பாக இருப்பதால் நிறம் மாறினால் உடனே தெரியும். அவை நீலம் பாரித்தாலோ, எலி தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். அப்போது ஆக்சிஜன் வேண்டும். டாக்டரின் வீட்டுக் கதவைத் தட்டினாலும் தப்பில்லை.

தலையை இடமும் வலமும் லேசாக ஆட்டிப் பார்ப்பதை மட்டும் நோய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். சிவப்புக் கண் எலிகளுக்குப் பார்வை மங்கல், தூரத்தைக் கணிக்க அப்படி ஆட்டும். தலை ஒரே பக்கமாகச் சாய்ந்தே நின்றுவிட்டால்தான் கவலை. அது பெரும்பாலும் காதுக்குள் சீழ், வயதான எலியில் மூளையடிச் சுரப்பிக் கட்டியாகவும் இருக்கலாம்.

சூடு விஷயத்தில் பல்பைக் கட்டித் தொங்கவிடும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. வேண்டாம். கண்ணைக் கூசும், சூடு கூடினால் ஒதுங்க இடமிருக்காது. பிளாஸ்டிக் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் மட்டும் வையுங்கள். வேண்டுமென்றால் வந்து ஒட்டிக்கொள்ளும், போதுமென்றால் விலகிப் போகும். ஆறியதும் மாற்றுங்கள், ஆறின பாட்டில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

தண்ணீர், தீனி இரண்டில் தண்ணீர்தான் முந்தி. 400 கிராம் எலி ஒரு நாளைக்குச் சுமார் 40 மில்லி குடிக்கும். பிடரித் தோலை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிவிட்டால் பட்டென்று படிய வேண்டும். கூடாரம் போல நின்றால் நீர் வற்றிவிட்டது. பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவு நீரில் கரைத்த ஓஆர்எஸ் ஒரு கிண்ணத்திலும் வெறும் தண்ணீர் இன்னொன்றிலும் வையுங்கள். தானாகக் குடிக்கவில்லை என்றால் ஊசி நீக்கிய 1 மில்லி சிரிஞ்ச். சுண்டுவை ஒரு கைத்துண்டில் கழுத்து வரை சுற்றி, மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். மல்லாக்கப் படுக்கவைக்கவே கூடாது. சிரிஞ்ச் முனையை முன்பல்லுக்கு நேராக நீட்டாமல், வாயின் ஓரத்தில், முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் வையுங்கள். ஒரு சொட்டு. நக்கி விழுங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் அடுத்த சொட்டு. அவசரப்பட்டு அழுத்தினால் நுரையீரலுக்குள் போய்விடும், ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கிற எலிக்கு அது முடிவாகிவிடும். எலியால் வாந்தி எடுக்க முடியாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். உள்ளே போனதைத் திருப்பி எடுக்க வழியில்லை.

தீனிக்குக் குழைந்த சோறு, கஞ்சி, மசித்த வாழைப்பழம், அவித்த முட்டை, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நனைத்த இட்லி எல்லாம் ஆகும். உப்பும் காரமும் வேண்டாம். பல்லில் ஒட்டுகிற வெல்லப் பாகு, கடலை மிட்டாய் வேண்டாம், தொண்டையில் சிக்கும். ராகிக் கூழ் நல்லதுதான், ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இப்போது எடை. வைத்தியம் முழுக்க இதில்தான் நிற்கிறது. வீட்டுத் தராசில் எலியை நிறுத்த முடியாது. உங்கள் பக்கம் ஏலக்காய் வாங்கும் கடைகளில் கிராம் காட்டும் எலக்ட்ரானிக் தராசு இருக்கும், இல்லாவிட்டால் நகைக்கடை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு, வெறும் டப்பாவை முதலில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, எலியோடு வையுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். முடிந்தால் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், தினமும் ஒரே நேரத்தில் நிறுத்தி எழுதி வைக்கலாம். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்துவிட்டால் நிலைமை கையை மீறுகிறது என்று பொருள். முடி சிலிர்த்திருக்கும் எலி பார்வைக்குக் குண்டாகவே தெரியும், தராசைத்தான் நம்ப வேண்டும்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். இந்த நோய்க்கு எலி வைத்தியத்தில் முதலில் எடுப்பவை டாக்சிசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக், சில சமயம் இரண்டும் சேர்த்து. கையேடுகளில் டாக்சிசைக்ளின் கிலோவுக்கு 5 மில்லிகிராம், என்ரோஃப்ளாக்சசின் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு வேளை. சுண்டு 400 கிராம் என்று வைத்துக்கொண்டால் டாக்சிசைக்ளின் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராம். மனுஷர்களுக்கான கேப்ஸ்யூல் 100 மில்லிகிராம். அதாவது ஒரே கேப்ஸ்யூலுக்குள் ஐம்பது வேளை மருந்து. மாட்டுக்குப் போடும் என்ரோஃப்ளாக்சசின் ஊசியில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். எலிக்கு 4 மில்லிகிராம் என்றால் 0.04 மில்லி. அதை அப்படியே தோலுக்கடியில் போட்டால் சதை வெந்து புண்ணாகும், நீர்க்கச் செய்துதான் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கை நான் எழுதியிருப்பது நீங்களே கலந்து கொடுப்பதற்கு இல்லை. டாக்டர் முன்னால் வைப்பதற்கு. எதில் எவ்வளவு கரைப்பது, எத்தனை சொட்டு என்பதை அவர் எழுதித் தரட்டும்.

சொறிக்கு என்று சொல்லிக் கடையில் ஐவர்மெக்டின் வாங்கி எலிக்கு ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதில் கணக்கு இன்னும் பயங்கரம். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்றால் 400 கிராம் எலிக்கு 0.08 மில்லிகிராம். மாட்டு ஊசி 1 மில்லிக்கு 10 மில்லிகிராம், ஆக வேண்டியது 0.008 மில்லி. 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சின் ஒரே ஒரு கோடு 0.025 மில்லி. அந்தக் கோட்டில் மூன்றில் ஒரு பங்கு! கண்ணால் பார்த்து யாராலும் அளக்க முடியாது. கண் மதிப்பில் ஒரு சொட்டு விட்டால் பல மடங்காகிவிடும்.

சரி, டாக்டரிடம் எப்படிப் போவது? "எலிக்கு உடம்பு சரியில்லை, ஏதாவது மருந்து குடுங்க" என்று கேட்டால் அவர் கையை விரிப்பதில் ஆச்சரியமில்லை. ஒரு தாளில் எடை, வயது, மூச்சு எண்ணிக்கை, என்றிலிருந்து தும்மல், எவ்வளவு தின்கிறது என்று எழுதுங்கள். மூச்சு வாங்குவதை அரை நிமிடம் வீடியோ எடுங்கள், சத்தத்தோடு. ஆஸ்பத்திரிக்குப் போனதும் எலி மிரட்சியில் அடங்கிவிடும், வீட்டில் வந்த சத்தம் அங்கே வராது. "மைக்கோபிளாஸ்மா என்று சந்தேகப்படுகிறேன், கையேட்டில் இந்த அளவு போட்டிருக்கிறது, நீங்கள் சரிபார்த்து எழுதித் தர முடியுமா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். காலையில் மாட்டுக் கூட்டம் குறைந்த பிறகு போவது நல்லது. கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கு எலி உடம்பு புதிதல்ல, பார்த்துப் பழகவில்லை, அவ்வளவுதான்.

சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2024-இல் ஆபரேஷன் அம்ரித் என்ற மருந்துக்கடைச் சோதனை ஆரம்பித்த பிறகு கேரளத்தில் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுக்கக் கடைக்காரர்கள் தயங்குகிறார்கள். நல்லதுதான். குமுளி இறங்கிக் கம்பத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். மருந்து கிடைக்கும், அளவு கிடைக்காது.

உள்ளூரில் முடியவே முடியாது என்றால் தேனி வீரபாண்டி பக்கம் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2020-இல் வந்தது. உங்களுக்கு லோயர் கேம்ப், கம்பம், சின்னமனூர் வழியாக ஒரே பாதை. கேரளத்துக்குள் என்றால் திருச்சூர் மண்ணுத்திக் கல்லூரி, உங்களுக்கு அது ரொம்ப தூரம். கிளம்புமுன் போன் செய்து எலியைப் பார்ப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். 1962 என்ற கால்நடை உதவி எண்ணிலும் விசாரிக்கலாம், எலிக்காக வண்டி வராது, ஆனால் யாரைப் பார்ப்பது என்றாவது சொல்வார்கள். மலை இறங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். மேலே குளிர், கம்பம் பள்ளத்தாக்கில் வெயில். எலிக்கு வியர்க்காது, வால் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். அதிகாலை பஸ்ஸில் போய்விடுங்கள். டப்பாவில் துணி போட்டு, தண்ணீருக்குப் பதில் வெள்ளரித் துண்டு ஒன்று வையுங்கள், சிந்தாது.

மருந்து ஆரம்பித்த பிறகு இரண்டு விஷயம். டாக்சிசைக்ளினைப் பாலோடோ தயிரோடோ ராகியோடோ கொடுத்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சரியாகச் சேராது. என்ரோஃப்ளாக்சசினும் அப்படித்தான். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மருந்து கசக்கும், அதனால் சுண்டைக்காய் அளவு வாழைப்பழத்தில் கலந்து கையால் ஊட்டி, முழுக்கத் தின்றதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். குடிதண்ணீரில் கலக்கவே வேண்டாம், நோயாளி எலி எவ்வளவு குடித்தது என்று யாருக்குத் தெரியும்? இன்னொன்று, தும்மல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இந்த நோய்க்கு வாரக்கணக்கில் கொடுப்பார்கள், சொன்ன நாள் வரை கொடுத்தே ஆக வேண்டும். மூன்று நாலு நாளில் எந்த மாற்றமும் இல்லை என்றால் டாக்டரிடம் திரும்பச் சொல்லுங்கள்.

லயத்தில் யார் வீட்டிலாவது குழந்தைக்கு இளைப்புக்கு வைக்கும் நெபுலைசர் இருந்தால் கைகொடுக்கும். ஓட்டை போட்ட மூடியுள்ள பெட்டிக்குள் எலியை விட்டு, வெறும் சலைன் மட்டும் ஊற்றிப் பத்து நிமிடம் புகைமூட்டம் விடுங்கள். சளி இளகும். அதில் மனுஷ மருந்து எதையும் கலக்காதீர்கள். தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் கூண்டுப் பக்கமே வரக் கூடாது. குழந்தைகளுக்கான சளி சிரப்பும் வேண்டாம், அதில் நாலைந்து மருந்து கலந்திருக்கும். குளிப்பாட்டுவதும் இப்போது கூடாது.

கூட இன்னொரு எலி இருந்தால் பிரிக்காதீர்கள். அதற்கும் அந்தக் கிருமி ஏற்கெனவே இருக்கும், தனிமை சுண்டுவை இன்னும் வாட்டும். அது சுண்டுவைத் துரத்தினால் மட்டும் பிரியுங்கள்.

எஸ்டேட்டிலும் ஏலக்காய் ஸ்டோரிலும் எலி மருந்து வைப்பார்கள். சுண்டு வெளியே உலாவியது உண்டென்றால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். புரோமடியோலோன் என்ற எலி விஷக் கேக் தின்ற எலிக்கு அன்றே ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்து உள்ளே ரத்தம் கசிந்து மூச்சு வாங்கும். அதற்கு மருந்து வைட்டமின் கே1, ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பயனில்லை. ஊதா விளக்கில் ஒளிராத சிவப்பு என்றால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

அம்மா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. எலிக்காய்ச்சல் எலி மூத்திரம் கலந்த ஈரத்திலிருந்து, காலில் கையில் உள்ள புண் வழியாக வருகிறது, மழைக்காலத்தில் கேரளத்தில் அது அபூர்வமும் இல்லை. 2018 வெள்ளத்தின்போது வாரம் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்தார்களே, அதே மருந்துதான் இப்போது சுண்டுவுக்கும். வீட்டுக்குள்ளேயே வளரும் எலியிடம் ஆபத்து குறைவு. ஆனால் தோட்டத்து எலிகள் ராத்திரி வந்து கூண்டை மோந்து தீனியைத் தின்றுவிட்டுப் போனால் அந்தக் கணக்கு மாறிவிடும். தீனியை மூடிய டப்பாவில் வையுங்கள், கூண்டு வைத்திருக்கும் அறையில் சந்து பொந்தை அடையுங்கள். கூண்டைச் சுத்தம் செய்யும்போது கையில் புண் இருந்தால் கையுறை, முடிந்ததும் சோப்பு. எலிக் கடியால் வரும் காய்ச்சல் ஒன்றும் தனியாக இருக்கிறது. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் எலி வளர்க்கிறோம் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதையெல்லாம் செய்து காட்டினால் அம்மா சமாதானமாகிவிடுவார் என்று நினைக்கிறேன்.

எலியின் ஆயுளே இரண்டிலிருந்து மூன்று வருடம். ஒன்றரை வயதில் நடுவயதைத் தாண்டிவிட்டது, ஆனால் கிழம் இல்லை. மருந்து ஏறியும் எடை விழுந்துகொண்டே போய், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கும் நிலை வந்தால், வலியில்லாமல் முடித்துவிடும்படி டாக்டரைக் கேட்பது பாவமில்லை. முதலில் மயக்கம் கொடுத்து, அதன் பிறகு ஊசி போடச் சொல்லுங்கள். தண்ணீரில் அமுக்குவது, ஆட்டோப் புகையில் வைப்பது மாதிரி ஊரில் சொல்லும் எதையும் செய்யாதீர்கள்.

சுண்டு இன்னும் பாதித் தீனி தின்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் அந்தப் பேச்சுக்கு இப்போது இடமில்லை. நாளைக் காலையில் எடையும் மூச்சு எண்ணிக்கையும் எழுதிய தாளோடு மறுபடி மிருகாஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் எந்த மருந்து எழுதினார், எந்த அளவில் கரைக்கச் சொன்னார் என்று எனக்கு எழுதினால் ஊட்டும் முறையில் சந்தேகம் இருந்தால் சொல்கிறேன்.